சொல்தா வீட்டு நெஞ்சுவலி

என் வீட்டுக்காரர் வாயிலிருந்து "எனக்கு முடியல" என்ற வார்த்தையை வாங்க யாராலும் ஆகாது. காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் "ஒண்ணுமில்லமே, போய் வேலயப் பாரு" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போன காலம் அது. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவர் பெயர் தெய்வநாயகம். சைகோனில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் புதுச்சேரியில் சொல்தா என்போம். சொல்தா என்றால் சும்மா இல்லை. பிரான்சிலிருந்து பென்ஷன் வரும், நடையில் மிடுக்கு இருக்கும், தெருவில் ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்துவிட்டால் வாயிலிருந்து பிரெஞ்சு கொட்டும். என் வீட்டுக்காரருக்கு இதெல்லாமே ஒரு படி அதிகம். கருவாட்டுக் கூடையை இறக்கும்போதுகூட பிரெஞ்சில்தான் எண்ணுவார்.

கருவாடு என்னுடையது. பெரிய மார்க்கெட்டில் கடை. என் பெயர் அஞ்சலாட்சி, பிறந்த வீடு கனகசெட்டிக்குளம், வாழ்க்கைப்பட்டது குருசுக்குப்பம். எனக்குக் கோபம் அதிகம் என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

தினமும் காலையில் சேர்ந்துதான் கடைக்கு நடப்போம். தலையில் கூடையோடு நான் முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயில் சிகரெட்டோடு என் பின்னால் அவர். அந்தப் பங்குனியிலிருந்து பெரிய வாய்க்கால் பாலம் வந்ததும் கைப்பிடிக் கட்டையில் உட்கார்ந்துவிட ஆரம்பித்தார். முதல் நாள் செருப்பில் கல் என்றார். மறுநாள் வெயில் என்றார். இன்னொரு நாள் நான் சட்டென்று திரும்பிப் பார்த்தால், முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்து, நெஞ்சுக்கு நடுவில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அந்தக் கையை எடுத்து மீசையைத் தடவினார்.

"இன்னாயா ஆச்சு?"

"வாய்வுமே."

சுக்கு, ஓமம், பெருங்காயம் என்று அந்த வாய்வுக்கு நான் கொடுக்காத மருந்து இல்லை. என் அண்ணன் கலியமூர்த்தியும் இப்படித்தான் வாய்வு வாய்வு என்றான். ஒருநாள் கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது அப்படியே மணலில் சாய்ந்தான், எழுந்திருக்கவேயில்லை. அவன் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தவள் நான்தான். இந்த மனுஷனையும் அப்படிப் பார்க்கப் போகிறேனோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பிரான்சிலிருந்து ஒரு டாக்டரும் மெட்ராஸிலிருந்து சில டாக்டர்களும் சேர்ந்து வந்து, ஊரில் நாற்பது வயது தாண்டிய எல்லாருக்கும் இருதயத்தைச் சோதிக்கப் போகிறார்களாம். மெஷினும் மருந்தும் அவர்களுடையது, ஆளும் இடமும் நம்முடையது. பட்டணத்து ஜனங்களுக்குத்தான் நெஞ்சுக் கோளாறு அதிகமாகிக்கொண்டு வருகிறதாம். மில் வேலை, சுருட்டு, உப்பு, கவலை என்று காரணம் சொன்னார்கள். "கொடிய எறக்கிக்கினு போனவன் மாரப் பாக்க வரானாமே!" என்று மார்க்கெட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

லீவு விட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். தேர்த் திருவிழா மாதிரிக் கூட்டம். வாசலிலேயே இரண்டு வரிசையாகப் பிரித்திருந்தார்கள். தமிழில் பேசுகிறவர்களை மெட்ராஸ் டாக்டரம்மா வசந்தா விசாரித்தார். பிரெஞ்சு தெரிந்தவர்கள் நேராக பிரான்சு டாக்டர் மொரேலிடம் போகலாம். நெஞ்சுக் கோளாறு என்று தெரிந்தவர்களை மட்டும் உள்ளே மெஷினுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்திருந்த கூட்டத்துக்கு வேறு எப்படிச் செய்வது?

பிரெஞ்சு வரிசை சின்னது. அத்தனை பேரும் சொல்தாக்கள், மீசையும் பூட்ஸுமாக.

"தமிழ் வரிசையில நில்லுயா. நானும் கூட வரேன்" என்றேன்.

"ஏன், எனக்கு பிரெஞ்சு வராதா? கேப்டன்கிட்டயே நின்னு பேசனவன்மே நான். நீ இங்கயே இரு."

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். டாக்டர் மொரேல் நெட்டையாக, வழுக்கைத் தலையோடு, சட்டையெல்லாம் வியர்வையாக இருந்தார். இவர் விறைப்பாக சல்யூட் வைத்ததும் எழுந்து கை கொடுத்தார். அவ்வளவுதான், என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "மல் ஓ கேர்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மல் என்றால் வலி, கேர் என்றால் நெஞ்சு. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் அவ்வளவு பிரெஞ்சாவது எனக்கு ஒட்டாமலா போகும்? டாக்டர் ஏதேதோ கேட்டார். இவர் ஒவ்வொன்றுக்கும் "உய், உய்" என்று தலையாட்டினார். உய் என்றால் ஆமாம். ஆட்டி முடித்தபோது கையில் ஒரு வெள்ளை மருந்து பாட்டில் இருந்தது.

"மிஷினெல்லாம் வாணான்ட்டாரு. மூணு வேள இதக் குடிச்சா சரியாப்பூடும்" என்று சண்டையில் ஜெயித்து வந்தவர் மாதிரி சொன்னார். பெரிய டாக்டரே சொல்லிவிட்டாரே என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மருந்தைக் குடித்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் புதினா போட்ட மாதிரி இருக்கிறது என்றார். பாட்டில் காலியாகக் காலியாக, பாலம் வரைக்கும்கூட நடக்க முடியாமல் வழியிலேயே நிற்க ஆரம்பித்தார். "மருந்து உள்ள எறங்க வாணாமா? பொறு" என்று என்னை அதட்டினார். அதட்டவே மூச்சு வாங்கியது.

ஒருநாள் காலையில் குஞ்சம்மாள் நெத்திலி வாங்க வந்தாள். அவள் வீட்டுக்காரர் ராஜாங்கமும் சொல்தா. "எங்க வூட்லயும் நெஞ்சுவலிதான் அஞ்சலாட்சி. வெள்ள மருந்து ஒண்ணு குடுத்தாங்க. குடிச்சிக்கினேதான் கீறாரு, ஒண்ணும் கேக்கல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் தெருவில் இன்னும் இரண்டு சொல்தா வீட்டிலும் அதே வெள்ளை பாட்டில்தானாம். பக்கத்துக் கடை தனம் தமிழ் வரிசையில் போனவள். மாரு வலி என்று அவள் சொன்னதும் படுக்க வைத்து, கையிலும் காலிலும் கம்பி மாட்டி, மெஷினில் பார்த்து, மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"ஏன்டி தனம், தமிழ்ல சொன்னா மிஷினு, பிரெஞ்சுல சொன்னா சுண்ணாம்புத் தண்ணியா?"

"எனக்கு இன்னா தெரியும்? நாளைக்கு காலயில அவங்க காரைக்காலுக்குப் போறாங்களாம். கேக்கறதுன்னா இன்னிக்கே போய்க் கேளு."

தனக்காகச் சண்டை போட்டவனுக்கே இந்த பிரெஞ்சுக்காரன் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுகிறானா? கடையைத் தனத்திடம் ஒப்படைத்தேன். குஞ்சம்மாள் ஓடிப்போய் அவள் வீட்டு பாட்டிலையும் பக்கத்து வீட்டு பாட்டில்களையும் எடுத்து வந்து என் கூடையில் போட்டாள். நேராக வீட்டுக்குப் போனேன்.

"டாக்டரோட போய் சண்ட போடுவியா? என் மானம் இன்னாத்துக்கு ஆவும்?" என்று அவர் கட்டிலை விட்டு எழவில்லை.

"உன் மானமெல்லாம் இந்தக் கூடையிலதான் கீது. உயிரும் அதுக்குள்ளதான் கீது. எழுந்து வாயா!"

என் குரலில் என்ன இருந்ததோ, எழுந்து வந்து ரிக்‌ஷாவில் ஏறினார்.

முகாமில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷின் மரப்பெட்டிக்குள் போய்விட்டது. டாக்டர் மொரேல் மேஜையருகில் நின்றுகொண்டிருந்தார். நான் கூடையை மேஜைமேல் டணாரென்று வைத்தேன். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கருவாட்டு வாசனை அறை முழுக்கப் பரவியது.

"உன் துப்பாக்கியத் தூக்கிக்கினு தேசம் தேசமா அலைஞ்சவங்களுக்கு நீ குடுக்கற மருந்து இதுதானா? கண்ணு அவிஞ்சா போச்சி?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். "சொல்லு. நான் சொன்னத அப்படியே பிரெஞ்சுல சொல்லு."

அவர் நிமிர்ந்து நின்று பணிவாக ஏதோ சொன்னார். கடைசியில் "மெர்சி" என்று நன்றி வேறு சொல்லி முடித்தார்.

"நான் எங்கயா மெர்சி சொன்னேன்?"

டாக்டரம்மா வசந்தா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "அம்மா, கொஞ்சம் பொறுங்க. என்கிட்ட சொல்லுங்க, நான் அவருக்கு இங்கிலீஷ்ல சொல்றேன்" என்றார். சொன்னேன். திட்டு ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் எவ்வளவு வடிகட்டினாரோ தெரியாது. டாக்டர் மொரேல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டுவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார்.

"குமட்டலுக்கு இதுதான் நல்ல மருந்துன்னு சொல்றாரும்மா. இந்த ஊர் சிப்பாய்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குமட்டல்னு அவருக்கும் புரியலையாம். தண்ணி சரியில்லையோன்னு நெனச்சிருக்காரு."

"கொமட்டலா? யாருக்கு? கல்லத் துன்னாலும் கரைக்கற வயிறு இது!" என்று கத்திக்கொண்டே என் வீட்டுக்காரர் நெஞ்சில் படீரென்று கையை வைத்தேன். "இங்க! இங்கதான் வலி! பத்தடி நடந்தா அடைக்குது, வேர்த்துக் கொட்டுது, உக்காந்துடறாரு!"

டாக்டர் மொரேல் என் கையைப் பார்த்தார். கை இருந்த இடத்தைப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் "மல் ஓ கேர்?" என்று கேட்டார்.

"உய், மல் ஓ கேர்" என்றார் இவர், நெஞ்சைத் தொட்டு.

டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வாயைத் திறந்து, "ஓவ்" என்று வாந்தி எடுக்கிற மாதிரி செய்து காட்டினார். "மல் ஓ கேர்" என்றார்.

பிறகு அந்த நெட்டை மனுஷன் தன் வழுக்கை மண்டையில் பளாரென்று அடித்துக்கொண்டார். வசந்தா அவரிடம் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னார். அவர்கள் பாஷையில் நெஞ்சுவலி என்று வார்த்தைக்கு வார்த்தை சொன்னால் அது நெஞ்சுவலி இல்லையாம். குமட்டலுக்குத்தான் அந்தப் பேராம்!

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். "அடக் கடவுளே! கப்பல்ல போறப்ப அத்தன பேரும் மல் ஓ கேர், மல் ஓ கேர்னு சொல்லிக்கினே வாந்தி எடுத்தானுங்களே. ஊரப் பிரிஞ்சு போற ஏக்கத்துல பாவம் நெஞ்சு வலிக்குதுன்னு நெனச்சேனே!"

மாருக்கு புவாத்ரீன் என்று வேறு வார்த்தை இருக்கிறதே, அதைச் சொல்லியிருக்கலாமே என்றாராம் டாக்டர். "அது டிரில்ல நிமித்துற மாரு. வலிக்கறதுக்கு அதயா சொல்லுவாங்க?" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது.

மேஜையைப் பிடித்தார், பிடி நழுவியது. "ஐயோ!" என்று நான் அலறுவதற்குள் டாக்டர் மொரேல் பாய்ந்து தாங்கிக்கொண்டார். வசந்தா ஒரு சின்ன மாத்திரையை அவர் நாக்குக்கடியில் வைத்தார். ஆணி அடித்த மரப்பெட்டியை டாக்டர் மொரேல் தன் கையாலேயே பிய்த்து மெஷினை வெளியே எடுத்தார். அப்போது அவர் விரலில் ரத்தம் வந்தது, அவர் அதைக் கவனிக்கவேயில்லை. நான் அந்த மனுஷனை என்னென்ன பேசினேனோ, அத்தனை கோபமும் அந்த ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு அடங்கிப்போனது.

கம்பி மாட்டினார்கள். மெஷினிலிருந்து கோடு போட்ட காகிதம் நீளமாக வந்தது. பிரான்சுத் தலையும் மெட்ராஸ் தலையும் அந்தக் காகிதத்தின்மேல் ஒன்றாகக் குனிந்தன. டாக்டர் மொரேல் ஒரு இடத்தில் விரல் வைத்தார். வசந்தாவும் அதே இடத்தில் வைத்தார். மாத்திரை கரைந்து, வீட்டுக்காரர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"பொழச்சிப்பாரா டாக்டரம்மா? உள்ளதச் சொல்லுங்க."

"நாளைக்கு வந்திருந்தா நாங்க இருந்திருக்க மாட்டோம், இவரும் இருந்திருப்பாரான்னு தெரியாது. இன்னிக்கு வந்துட்டீங்க. ஆஸ்பத்திரியில அசையாம படுக்கணும். ரத்தக்கொதிப்பும் நிறைய இருக்கு. சிகரெட்ட இனிமே தொடவே கூடாது. கருவாடும் கூடாது, அவ்வளவும் உப்பு."

"கருவாட்டுக்காரிகிட்டயே சொல்றீங்களே!" என்றேன். "சரி, ஊருக்கு வித்துக்கறேன். இவரு தட்டுல ஒரு துண்டு வுழாது, பாருங்க."

டாக்டர் மொரேல் கூடையிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு நெஞ்சு. காரைக்கால் பயணம் நின்றது. கட்டின பெட்டியெல்லாம் திரும்ப அவிழ்ந்தது. தமுக்கு அடித்து அந்த சொல்தாக்களையெல்லாம் கூப்பிடலாம் என்றார் வசந்தா. "பிரெஞ்சைத் தப்பா பேசினவங்க திரும்ப வாங்கன்னு சொல்லச் சொல்லலாமா?"

படுத்திருந்த என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். "அப்படிச் சொன்னா ஒருத்தனும் வர மாட்டான். செத்தாலும் சாவான், பிரெஞ்சு தப்புன்னு ஒத்துக்க மாட்டான். உத்தரவுன்னு சொல்லச் சொல்லுங்க. சொல்தான்னா உத்தரவுக்கு வருவான். நெஞ்சுல கைய வெச்சி, வலியத் தாய்ப்பாஷயில சொல்லணும், டாக்டர் உத்தரவு!"

அன்று சாயங்காலமே குருசுக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டை வரைக்கும் தமுக்குச் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் நான் ஆஸ்பத்திரியிலிருந்து முகாமுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அடடா, அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! சொல்தாக்கள் வரிசை பிசகாமல் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் வெள்ளை பாட்டில். உத்தரவுப்படி பாட்டிலை மேஜையில் வைத்து, நெஞ்சில் கையை வைத்து, "மாரு வலிக்குது" என்று கணீரென்று சொல்கிறார்கள். வசந்தாவும் டாக்டர் மொரேலும் இப்போது ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "மாரூ வலீ?" என்று டாக்டரும் திருப்பிக் கேட்கிறார். குஞ்சம்மாளின் ராஜாங்கத்தை நேராக மெஷினுக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு சொல்தா மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு நெசமாவே கொமட்டல்தாங்க. மருந்து நல்லா கேட்டுச்சு, இன்னொரு பாட்டில் கெடைக்குமா?" என்றார். டாக்டர் மொரேல் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

மெஷினுக்குப் போன சொல்தாக்களில் பாதிப் பேருக்குக் கோளாறு இருந்தது. எல்லாருக்கும் மருந்து கிடைத்தது. அதற்குப் பிறகு டாக்டர்கள் காரைக்காலுக்குப் போனபோதும் ஒரே மேஜைதான், ஒரே வரிசைதான். எந்தப் பாஷை பேசினாலும் வலிக்கிற இடத்தில் முதலில் கையை வை என்பதுதான் சட்டம். டாக்டர் மொரேல் பிரான்சுக்குத் திரும்பிய பிறகும் மருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. மாசாமாசம் வசந்தா மெட்ராஸிலிருந்து வந்து பார்த்தார். ரத்தக்கொதிப்பு மாத்திரை நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்துதான் எடுத்தது என்று அவர் சொன்னபோது மார்க்கெட்டில் பாதிப் பேர் நம்பவில்லை. நம் வேர் சீமைக்குப் போய் மாத்திரையாகி வந்து என் வீட்டுக்காரரைக் காப்பாற்றுகிறது என்று நான் ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுத்திருந்தார். உப்பில்லாத கஞ்சியைப் பார்த்து முகத்தைத் திருப்புவார், நான் ஒரு முறை முறைத்தால் குடித்துவிடுவார். வீட்டுக்கு வந்து முதலில் வாசல் வரைக்கும் நடந்தார். அடுத்து தெருமுனை. பிறகு கடற்கரை வரைக்கும். தை பிறந்ததும் வசந்தா அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "மெதுவா மார்க்கெட் வரைக்கும் நடந்து பாருங்களேன்" என்றார்.

அன்றைக்கு அவரை முன்னால் விட்டு நான் பின்னால் நடந்தேன். அவர் முதுகை விட்டு என் கண் நகரவில்லை. பாலம் வந்தது. நடை கொஞ்சம் தளர்ந்தது. என் தலையில் கூடை ஆடியது. கைப்பிடிக் கட்டை அவர் இடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடக்கூட இல்லை. பாலத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, மார்க்கெட் வாசலுக்குள் நுழைந்தார். தனம் குலவை போட்டாள். மீன்காரிகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் ஓவென்று அழுதேன். வெட்கமாவது மண்ணாவது. என் அண்ணனுக்காக அழுதேனா, இவருக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை, சந்தோஷத்தில் அடிவயிற்றிலிருந்து வந்தது.

அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். யாருக்கும் கேட்காத குரலில், பிரெஞ்சு ஒரு சொட்டும் கலக்காமல் சொன்னார்.

"எனக்கும் பயமா இருந்துச்சுமே. அந்தப் பாலத்துல ஒக்காந்தப்பல்லாம் உன்ன வுட்டுட்டுப் பூடுவேனோன்னு பயந்துக்கினேதான் ஒக்காந்திருந்தேன்."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டேன். "இப்ப?"

"இப்ப பசிக்குது."

கடையைத் திறக்கவில்லை. நாலு கடை தள்ளி இருக்கிற இட்லிக் கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். உப்பு குறைவாகப் போட்ட சட்னி வேண்டும் என்று கடைக்காரரோடு ஒரு சண்டை போட்டு வாங்கி, அவர் எதிரில் உட்கார்ந்து, கடைசி இட்லி வரைக்கும் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.